துண்டு கட்டிய அமைச்சர்

துப்பறிவாளரின் அலுவலகத்தில் அமைச்சர் வந்து உட்கார்ந்ததும் நாற்காலி முனகியது. அவர் பின்னால் அவருடைய பி.ஏ., கைகட்டி, வாய் பொத்தாத குறையாக நின்றார். வாசலில் தொலைக்காட்சிக்காரர்கள் காத்திருந்தார்கள். அந்தரங்கம் பறிபோன துயரத்தைத் தனியாக அனுபவிக்கும் வழக்கம் அமைச்சருக்கு இல்லை.

"என் படுக்கையறைங்க! குளிச்சிட்டு வந்தவனை ஜன்னல் வழியாத் திருட்டுத்தனமாப் படம் பிடிச்சிருக்காங்க!"

நாளிதழை மேசையில் எறிந்தார். முதல் பக்கத்தில் அவரேதான்: ஈரத்தலை, தொலைநோக்குப் பார்வை, தட்டையான வயிறு, இடுப்பில் பூப்போட்ட துண்டு.

துப்பறிவாளரை ஊரார் 'நிதானம்' என்பார்கள். அவரோடு வேலை செய்யும் மைத்துனருக்குப் பெயர் 'அவசரம்'.

"சுவரேறிக் குதிச்சிருப்பான் மாமா! செருப்புத் தடம் இருக்கான்னு ஓடிப்போய்ப் பார்த்துட்டு வரவா?"

"உட்காரு மாப்ளே."

அந்தப் படத்துக்காகப் பத்திரிகையின் ஆசிரியரம்மாளைக் காலையில் கைது செய்து, அச்சகத்துக்குச் சீல் வைத்திருந்தார்கள். அமைச்சர் திறந்துவைத்த மருத்துவமனையின் கூரை நோயாளிகள் தலையில் விழுந்த செய்தியும் அச்சேறாமல் உள்ளே மாட்டிக்கொண்டது. அதைப் பற்றி அமைச்சர் பேசவில்லை. துக்கத்தில் மறந்திருப்பார்.

"அந்தம்மாவோட ஆள்தான் எடுத்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க வார்த்தைக்குக் கோர்ட்டுல மதிப்பு இருக்கு. அந்தம்மா இப்போதைக்கு வெளிய வராது."

"யாரோ போன்ல பேசிட்டுப் படத்தை அனுப்பினதா அவங்க சொல்றாங்க. பேச்சு பதிவாகியிருக்கு. அவங்க வக்கீல் கொடுத்தார்."

நிதானம் பதிவை ஓடவிட்டார். துணியால் மூடிய கரகரப்புக் குரல்: "அசிங்கமான படம் ஒண்ணு இருக்கு. மாண்புமிகு அமைச்சர் அவர்கள் வெறும் துண்டோட நிக்கிறாரு. போட்டீங்கன்னா மாண்புமிகு அமைச்சர் அவர்களோட மானம் கப்பலேறிடும்."

"பரம எதிரி மாமா! என்ன வன்மம்!"

"எதிரிதான். என்ன, ரொம்ப மரியாதை தெரிஞ்ச எதிரி." பி.ஏ. பக்கம் திரும்பினார். "தம்பி, சும்மா ஒரு சோதனை. அமைச்சர் முட்டாள்னு சொல்லுங்க."

பி.ஏ. அனுமதிக்காக அமைச்சர் முகத்தைப் பார்த்தார்.

"சொல்லித் தொலையேன்யா," என்று உறுமினார் அமைச்சர்.

"மாண்புமிகு அமைச்சர் அவர்கள் முட்டாள்."

அவசரம் நாற்காலியிலிருந்து துள்ளினார். "அதே குரல்! அதே மாண்புமிகு!"

"திட்டும்போதுகூட விட முடியலை பாரு. நாக்கு பழகிடுச்சு," என்றார் நிதானம்.

அமைச்சர் வினாடிகூட யோசிக்கவில்லை. "துரோகி! உப்பிட்ட வீட்டுக்கே துரோகமா? எனக்குத் தெரியாம எடுத்திருக்கான்!"

பி.ஏ. அப்போதும் கைகட்டியே நின்றார்.

"மாப்ளே, வாசல்ல நிக்கிறவங்களை உள்ளே கூப்பிடு."

கேமராக்கள் நுழைந்தன. விளக்குகள் எரிந்தன. மடியில் சாவகாசமாகப் படுத்திருந்த அமைச்சரின் தொப்பை விருட்டென்று உள்ளே போனது; பார்வை தூரத்துக்குத் தாவியது.

"எல்லாரும் பார்த்துக்குங்க," என்றார் நிதானம், நாளிதழைத் தூக்கிப் பிடித்து. "இதே வயிறு, இதே பார்வை. தனியா இருக்கிறதா நினைச்சுத் துண்டு கட்டுற மனுஷன் யாருக்காகய்யா வயித்தை எக்குவான்? கேமரா இருக்குன்னு இவருக்குத் தெரியும். ஜன்னலுக்கு வெளிய நின்னு எடுத்தவர் பி.ஏ. எடுக்கச் சொன்னவர் இவர். கூரை விழுந்த சேதி வரக்கூடாது. அச்சகத்தைப் பூட்ட ஒரு சாக்கு வேணும். அதுக்கு மானத்தை வித்தார். அதிலயும் ஒல்லியாத் தெரியணும்னு ஆசை."

"கேமராவை அணைங்கய்யா! இது தனிப்பட்ட பேச்சு!"

நேரடி ஒளிபரப்பு என்று யாரோ பணிவுடன் தெரிவித்தார்கள்.

அன்று மாலையே விடுதலையான ஆசிரியரம்மாள் நேராக நன்றி சொல்ல வந்தார். பத்திரிகைச் சுதந்திரம் வென்றது என்று தொடங்கினார். நிதானம் கையமர்த்தினார்.

"கூரை சேதிக்கு எத்தனை பேரை விசாரிச்சீங்கம்மா?"

"டாக்டர், நர்ஸ், கட்டின மேஸ்திரி, அடிபட்டவங்க வீடு... ஒருத்தரையும் விடலை."

"துண்டு சேதிக்கு?"

"படம் வந்ததும் போட்டுட்டோம். விக்கும்னு தெரியும்." அம்மாள் எழுந்தார். "சீலை எடுத்தாச்சு. நாளைக்கு முதல் பக்கம் கூரை. அது கீழேயே மன்னிப்பும் கேட்கப்போறேன்."

"அந்த ஆள்கிட்டயா?" என்று அலறினார் அவசரம்.

"அவர்தான் ஆசையா நின்னு போஸ் கொடுத்தாரே. மன்னிப்பு, காசு கொடுத்து வாங்கிப் பார்த்தவங்ககிட்ட."