புழு பூச்சி

மழை விட்டதும் ரப்பர் காட்டைக் கடந்து ஆட்டுக் கொட்டிலுக்கு வந்த விஜயகலா, வழக்கம்போல் ரத்தம் குடிக்கும் அட்டையைத் தட்டிவிடக் குனிந்தாள். காலில் ஒரு அட்டைகூட இல்லை. யட்டியாந்தோட்டைப் பக்கம் இப்படி நடக்கவே நடக்காது. நேற்றும் இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கொட்டிலில் நனைந்த பலகையும் தேங்காய்ப் புண்ணாக்கும் மணத்தன. அவற்றுக்கு அடியில், நாள்பட்ட பாண் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தால் எழுமே, அந்தப் புளித்த வாடை. கீழே குவிந்திருந்த புழுக்கையில் ஈ மொய்க்கவில்லை, வண்டு உருளவில்லை. தகரத்திலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டும் கேட்டது. ஆடுகள் என்னவோ பளபளவென்று கொழுத்து நின்றன.

சில வாரங்களுக்கு முன் இதே ஆடுகள் குடற்புழுவால் கழிந்து, எழும்ப முடியாமல் கிடந்தன. ஆட்டு வைத்தியம் பார்க்க வந்த நுஸ்ஹா மிஸ்தான் ஒரு தூளைக் கொடுத்தாள்.

“இது பங்கசு. பாண்ல பூஞ்சணம் பூக்குமே, அந்த மாதிரி. புண்ணாக்குல கலந்து குடுங்க. புழுக்கையோட வெளிய வந்து வலை விரிச்சு புழுவ புடிச்சிரும்.”

“எல்லாப் புழுவையுமா மிஸ்?”

“சின்னதா நெளியிறது எதையும் விடாது. அது அசைய அசைய இது இறுக்கும்,” என்று சிரித்தாள்.

மசக்கையில் சிலர் மண் தின்பார்கள், சிலர் சாம்பல். விஜயகலாவுக்குப் புண்ணாக்கு. ஆட்டுக்குத் தூள் கலக்கும்போதே ஒரு கிள்ளு வாயில் போட்டுக்கொள்வாள். வெட்கக்கேடு, யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத்தான் தோட்டத்து லய வரிசையில் யார் இருக்கிறார்கள்? பக்கத்துக் காம்பரா வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. புருஷன் சுரேந்திரன் எம்பிலிப்பிட்டியவில் கடை வேலை. மாமியார் சாகும்வரை ஒரே பேச்சுதான்: “இவ வயித்துல ஒரு புழு பூச்சி தங்கலையே.” இப்போது தங்கிவிட்டது. அசையவும் தொடங்கிவிட்டது. நாளெல்லாம் பேச ஆளில்லாத அவளுக்கு அந்த அசைவுதான் துணை.

தூணோரம் எதையோ மிதித்தாள். அட்டை. காய்ந்து சுருண்டிருந்தது. நடுவில் வெள்ளை நூல் வளையம் வளையமாக இறுகியிருந்தது. பக்கத்தில் ஒரு மண்புழு, அதே நூலில். அதற்கு இன்னும் உயிர் இருந்தது. நெளிந்தது. நின்றது. மறுபடி மெல்ல நெளிந்தது.

காலையிலிருந்து வயிற்றிலும் அப்படித்தான்.

போனை எடுத்தாள். சிக்னல் இல்லை. காம்பராவுக்கு ஓடினாள். கதவைச் சாத்தினாள். சட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.

தொப்புளில் ஒரு வெள்ளை நூல்.

துணி நூலாகத்தான் இருக்கும். கிள்ளி இழுத்தாள். வந்தது. விரல் நீளம் வந்தது. பிறகு வரவில்லை.

உள்ளேயிருந்து சுண்டியது. மெதுவாக.

இழுக்கப் பயம். விடவும் பயம். நூலைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்தாள். மறுபடி சுண்டியது. பிள்ளை உயிரோடுதான் இருக்கிறது. அசைகிறது. அசைய அசைய...

“அசையாத சாமி,” என்று வயிற்றைப் பார்த்துக் கெஞ்சினாள். “அம்மா சொல்றேன்ல, சும்மா இரு கண்ணு.”

அவள் குரல் கேட்டதும் பிள்ளை குஷியாக உதைத்தது.

நூல் இறுகியது.