முறை மூச்சு

மார்ச் முதல் தேதி காலை, பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள நகர அரங்கின் வாசலில் அந்த மாதத்துக் கச்சேரிகளின் அறிவிப்புப் பலகை மாட்டப்பட்டது. முதல் வாரம் வயலின் நால்வர். அடுத்த வாரம் பியானோ. கடைசிச் சனிக்கிழமை மாலை நகரப் பாடகர் குழு.

பாடகர் குழுவை நடத்துகிறவளை எல்லோரும் கண்டக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒத்திகைக்குத் தாமதமாக வருகிறவர்கள் வாசலில் நின்று "ஒரு டிக்கெட்" என்று கை நீட்டுவது பழைய வேடிக்கை. அவளும் சிரித்து வைப்பாள். கச்சேரி வாரத்தின் செவ்வாய்க்கிழமை அவள் சிரிக்கவில்லை.

கடைசிப் பாட்டு ஒரு நீண்ட சுரத்தில் முடியும். யாருடைய நெஞ்சும் தாங்காத நீளம். அதனால் குழுவில் முறை மூச்சு என்று ஓர் ஏற்பாடு இருந்தது. ஒருவர் சத்தமில்லாமல் விலகி மூச்சு எடுக்கும்போது பக்கத்தில் இருப்பவர் தாங்குவார். இவர் திரும்ப நுழைந்ததும் அவர் விலகுவார். மூச்சு எடுப்பது வெளியே தெரியக் கூடாது. தோள் ஏறக் கூடாது, வாயை மூடக் கூடாது. அவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டு கற்றுக்கொடுத்தது அது. எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ஆள் மாறும் இடங்களில் சுரம் லேசாக நலுங்கும். மூடிய அறையில் திரைச்சீலை அசைவதைப் போல, அவள் காதுக்கு மட்டும் எட்டும் அளவுக்கு.

செவ்வாய்க்கிழமை அந்த நலுக்கம் இல்லை. சுரம் தொடங்கியது, நின்றது. நடுவில் யாருமே மூச்சு எடுக்கவில்லை.

குழுவுக்குப் பியானோ வாசிப்பவர் இவ்வளவு சுத்தமாக இதுவரை கேட்டதில்லை என்று மகிழ்ந்துபோனார். அவளோ வேறு மாதிரி நினைத்தாள்: யாரோ கைபேசியில் பதிவை ஓட்டுகிறார்கள். சந்தேகம் நேராகப் பல் டாக்டர் மேல் போனது. கீழ்க் குரல் வரிசையில் நிற்கும் அவருக்கு அவளுடைய இடத்தின் மேல் ஒரு கண் என்பது ஊரறிந்த சங்கதி.

மறுநாள் எல்லோருடைய கைபேசிகளையும் வெளி அறையில் வைக்கச் சொன்னாள். வார்னிஷும் ஈரக் குடைகளும் பழைய வெல்வெட்டும் கலந்து நாறும் அந்த அரங்கில், மேடைப் பலகைகள் ஒவ்வொன்றாக முனகி அடங்கும்வரை காத்திருந்து, ஒலிபெருக்கிகளின் இணைப்பையும் பிடுங்கச் சொல்லி, கையை உயர்த்தினாள். அதே சுரம். இழைத்த கண்ணாடி போல.

"நல்லா வராட்டி திட்டு, நல்லா வந்தா சந்தேகம்," என்றார் பல் டாக்டர். "உங்க வீட்டுக்காரர் பாடு திண்டாட்டம்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் வரிசை வரிசையாகத் தனியே பாடச் சொன்னாள். நலுக்கம் இருந்தது. எல்லோரையும் சேர்த்துப் பாடவைத்தாள். இல்லை. கூட்டத்துக்குள் இன்னொரு குரல் இருந்தது. ஆணா பெண்ணா என்று பிரிக்க முடியவில்லை. எல்லாக் குரலுக்கும் அடியில், தண்ணீருக்கடியில் கல் கிடப்பதுபோல் கிடந்தது. மேல் குரல் வரிசையின் நடுவிலிருந்து வருவதாகத் தோன்றியது.

அங்கேதான் அவளுடைய தங்கை நின்றிருந்தாள்.

தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. பாட்டெல்லாம் வேண்டாம் என்று அம்மா தடுத்தபோது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துக் கூட்டிவந்தவள் அக்காதான். முறை மூச்சு இருந்ததால்தான் அவளால் இந்தக் குழுவில் நிற்க முடிந்தது. அன்று வீடு திரும்பும்போது காருக்குள் அமைதியாக இருந்தது. வழக்கமாகக் கேட்கும் சீழ்க்கைச் சத்தம், தங்கையின் நெஞ்சிலிருந்து வருவது, இல்லை.

"மருந்து அடிச்சியா?"

"தேவைப்படலக்கா."

"அந்தச் சுரத்துல மூச்சு எங்க எடுக்கிற?"

தங்கை ஜன்னல் பக்கம் பார்த்தபடி யோசித்தாள். "எனக்கும் பக்கத்துல நிக்கிறவங்களுக்கும் நடுவுல ஒருத்தர் இருக்காங்க. தாங்கிப் பிடிச்சுக்கிறாங்க. எடுக்கவே வேண்டாம்."

"யாருடி?"

"பாக்கல. திரும்பத் தோணல. நீதானக்கா சொன்ன, பக்கத்துல இருக்கிறவங்களை நம்புன்னு."

அவள் வண்டியை ஓரம் கட்டினாள். நீ சனிக்கிழமை வர வேண்டாம் என்று சொன்னாள். தங்கை கேட்டுக்கொண்டாள், வருவேன் என்றாள், கோபமே இல்லாமல். அடுத்த ஒத்திகையில் கண்டக்டரம்மா குழு முழுவதற்கும் அறிவித்தாள்: நீண்ட சுரம் வேண்டாம், அதற்கு முந்தைய அடியிலேயே பாட்டு முடிகிறது. முணுமுணுப்பு வரும் என்று எதிர்பார்த்தாள். எல்லோரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். பல் டாக்டரும்கூட. அவர் ஒத்துக்கொண்டதுதான் அவளை விடிய விடியத் தூங்கவிடாமல் செய்தது.

சனிக்கிழமை அரங்கம் நிரம்பியிருந்தது. வாசனைத் திரவியங்களும் இருமல்களும் நாற்காலி மடங்கும் சத்தமும் முதுகுக்குப் பின்னால் மெல்ல அடங்கின. முதல் பாட்டுகள் குறையில்லாமல் போயின. அவள் தங்கையின் விலா எலும்புகளையே கவனித்துக்கொண்டிருந்தாள். ஏறின, இறங்கின. கடைசிப் பாட்டு. முடிய வேண்டிய அடி வந்தது. கையை மடக்கினாள்.

அவர்கள் நிறுத்தவில்லை.

நீண்ட சுரத்துக்குள் எல்லோரும் ஒன்றாக நுழைந்தார்கள். அவள் மறுபடி கையை மடக்கினாள். இரண்டு கைகளையும் கீழே போட்டாள். சுரம் நின்றபாடில்லை. தோள்களைப் பார்த்தாள். ஏறவில்லை. விலாக்களைப் பார்த்தாள். அசையவில்லை. மூச்சு எடுப்பது தெரியக் கூடாது. அவள்தான் கற்றுக்கொடுத்தாள். எடுக்கிறார்களா? தெரியவில்லை. இல்லையா? தெரியவில்லை.

தங்கையின் உதடு நீலம் பாரித்தது.

தங்கைக்கும் பக்கத்துப் பெண்ணுக்கும் நடுவில் ஓர் இடைவெளி. ஓர் ஆள் அகலம். ஒத்திகையில் அது இருந்ததில்லை. இரண்டு பேரும் அதன் பக்கமாகச் சாய்ந்திருந்தார்கள்.

அவள் மேடைப் படியில் ஏறித் தங்கையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். சில்லென்றிருந்தது. கண் அவளைப் பார்க்கவில்லை. வாய் அழகாக, வட்டமாக, அவள் சொல்லிக்கொடுத்தபடியே திறந்திருந்தது.

"நிறுத்துடி. போதும். நிறுத்து."

பார்வையாளர்களில் இருந்த மருத்துவர் ஒருவர் ஓடி வந்து தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தார். கழுத்தில் விரல் வைத்தார். நாடி இல்லை என்றார். பக்கத்துப் பெண்ணிடம் போனார். இல்லை என்றார். பல் டாக்டரிடம் போனார். அவருக்கும் இல்லை.

தங்கை பாடிக்கொண்டிருந்தாள்.