மூச்சுக் கட்டம்

மூச்சுக் கட்டத்தில் யாரோ பி.பி. எழுதிவைத்திருந்தார்கள்.

முதலில் எறும்பு அப்படித்தான் நினைத்தாள். மேலே ஒரு எண், கீழே ஒரு எண், நடுவில் ஒரு கோடு என்று பி.பி.யைத்தானே எழுதுவார்கள்? மூச்சுக்கு ஒரே எண்தான். ஒரு நிமிடத்தில் நெஞ்சு எத்தனை தடவை ஏறி இறங்குகிறதோ, அது. ஆனால் அவளுக்கு முன்னால் இந்த வீட்டில் வேலை பார்த்த நர்ஸ், பழைய சார்ட்டில், குண்டு குண்டான கையெழுத்தில் 16/16 என்று எழுதியிருந்தாள். மறுநாள் 17/14. அதற்கடுத்த நாள் 18/11. அப்புறம் 20/6. அதோடு அந்தக் கையெழுத்து நின்றுபோயிருந்தது.

தூக்கக் கலக்கத்தில் கட்டம் மாற்றி எழுதியிருப்பாள், பாவம் என்று எறும்பு தாளைப் புரட்டினாள். அவளும் அந்த நிலைமையில்தான் இருந்தாள்.

எறும்பு என்பது விடுதித் தோழிகள் வைத்த பெயர். ஒரு நிமிடம் சும்மா உட்காரத் தெரியாது, நாலு வருடமும் ஓடிக்கொண்டே இருந்தாள். நர்ஸிங் முடித்த கையோடு பெரிய ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ.வில் இன்டர்ன்ஷிப்பும் கிடைத்தது. சேர மட்டும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், அதுவும் வீட்டில் சும்மா காத்திருக்கக் கூடாது. நோயாளி பக்கத்தில் வேலை பார்த்ததற்குக் கையெழுத்து வேண்டும், லாக் புக் நிரம்பியிருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆளுக்குச் சீட்டு போய்விடும். அப்படி வந்து மாட்டியதுதான் இந்த வீடு, காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை.

நோயாளி அந்த வீட்டு மகள். முப்பது வயதிருக்கும். இரண்டு வருடமாகப் படுக்கை, பேச்சு கிடையாது, மூக்குக் குழாயில் பால், கண் மட்டும் திறந்தபடி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஜன்னல் திரை எப்போதும் மூடியே கிடக்கிற அந்த அறையில் பால் பவுடரும் டெட்டாலும் கலந்த ஒரு வாசனை சுவரிலேயே ஊறிப்போயிருந்தது. புண் வராமலிருக்கப் போட்ட காற்று மெத்தையின் மோட்டார் நாள் முழுக்க ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கும், மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை டிக் என்று தட்டும். சுவரோரம் இன்னொரு கட்டில். யாரும் படுப்பதில்லை. ஆனால் தினமும் புது விரிப்பு, ஆஸ்பத்திரியில் போடுவதுபோல மூலை மடித்து இறுக்கமாக.

"களைப்பா இருந்தா அதுல சாஞ்சுக்கோங்க சிஸ்டர். சும்மாதானே கிடக்கு" என்பார் அந்தப் பெண்ணின் அம்மா. எறும்பு அவரை ஆன்ட்டி என்று கூப்பிடுவாள். நல்ல மனுஷி.

"பரவால்ல ஆன்ட்டி. டியூட்டில படுக்கக் கூடாது."

ஆனால் களைப்பு என்றால் அப்படி ஒரு களைப்பு. பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டு வாசலுக்கு வருவதற்குள் இரண்டு தடவை நின்றாள். ராத்திரி எட்டு மணிநேரம் கட்டையாகத் தூங்கியும் காலையில் அடித்துப் போட்டது மாதிரிதான் எழுந்தாள். "குரலே வரலையே, சாப்டியாடி?" என்று அம்மா போனில் கேட்டால், "மூச்சு விட நேரமில்லம்மா" என்று வைத்துவிடுவாள். வேலை அப்படி ஒன்றும் அதிகமில்லை. அதுதான் அவளுக்கே புரியவில்லை.

கடைசி வாரம் திங்கட்கிழமை, ஐ.சி.யூ.வின் சீனியர் சிஸ்டர் போன் செய்தார். "லாக் புக்ல மூச்சு எல்லாம் பதினெட்டு பதினெட்டுன்னு இருந்தா முதல் நாளே திருப்பி அனுப்பிடுவேன். இந்த வாரமாவது முழு நிமிஷம் எண்ணு."

எறும்புக்குக் காது சூடானது. நர்ஸுகள் வெளியே சொல்லாத சங்கதி அது. ஜுரத்தைத் தெர்மாமீட்டர் சொல்லும், பி.பி.யை மிஷின் சொல்லும். மூச்சை மட்டும் ஒரு நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து எண்ண வேண்டும். யாருக்கு இருக்கிறது ஒரு நிமிடம்? ஒரு பார்வை பார்ப்பார்கள், ஆள் நன்றாக இருந்தால் பதினெட்டு என்று போட்டுவிட்டுப் போவார்கள். அவளும் ஆறு மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

சட்டையில் குத்தியிருந்த கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்று. இரண்டு. போர்வை ஏறியது, இறங்கியது. பதினாறு. நல்ல மூச்சு. எழுதப்போகும்போதுதான் கவனித்தாள், தன் நெஞ்சும் அதே தாளத்தில் ஏறி இறங்குவதை.

எண்ணுகிறவர்களுக்கு அப்படி ஆவது சகஜம்தான். விளையாட்டாக மூச்சைப் பிடித்துப் பார்த்தாள்.

போர்வை நின்றது.

விட்டாள். போர்வை ஏறியது.

மறுபடி பிடித்தாள். மோட்டார் முனகியது, மின்விசிறி தட்டியது, போர்வை மட்டும் அசையவில்லை. இருபது நொடி. முப்பது. தாங்காமல் வாயைத் திறந்து இழுத்தாள். படுக்கையிலிருந்தும் அதே இழுப்பு கேட்டது, வாய் திறந்து.

எழுந்து மாடிப்படிக்கு ஓடினாள். இரண்டு தடவை ஏறி இறங்கி, இரைக்க இரைக்கத் திரும்பி வந்து கதவோரம் நின்றாள். கட்டிலில் இருந்தவளுக்கும் இரைத்துக்கொண்டிருந்தது. நெற்றியில் வேர்வை.

எறும்பு பயந்துதான் போனாள், இல்லையென்று சொல்ல முடியாது. அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் ஆறு மாத உழைப்பு, சனிக்கிழமை ஆன்ட்டி போட வேண்டிய ஒரு கையெழுத்து, அடுத்த திங்கள் ஐ.சி.யூ. இவ்வளவு தூரம் வந்துவிட்டு மூச்சு ஒத்துப்போகிறது என்று ஓடினால் சிரிக்கமாட்டார்களா? இன்னும் ஐந்து நாள்தான், பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

புதன்கிழமை தாளம் பிரிந்துவிட்டது. அப்பாடா என்றிருந்தது. இப்போது ஒத்துப்போகவில்லை, அவளுக்குத் தனி, எனக்குத் தனி. மனசு ஆறட்டும் என்று இரண்டையும் எண்ணி, முதலில் அவளுடையது, பிறகு தன்னுடையது என்று நடுவில் கோடு போட்டு எழுதினாள். எழுதிவிட்டு நிமிர்ந்தபோதுதான் அந்த எண் உறைத்தது.

17/14.

பழைய சார்ட்டைத் தேடினாள். அலமாரியில் இல்லை.

"பழசெல்லாம் எதுக்கு சிஸ்டர்?" ஆன்ட்டி வாசலில் நின்றிருந்தார். "நம்ம பொண்ணு மூஞ்சியில இப்பத்தான் களையே வந்திருக்கு பாருங்க. எல்லாம் நீங்க வந்த ராசி."

உண்மைதான். உதடு சிவந்திருந்தது. விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கண் இப்போது எறும்பின் மேல் இருந்தது.

"எனக்கு முன்னாடி இருந்த சிஸ்டர் எங்க போனாங்க ஆன்ட்டி?"

"பாவம், நல்ல பொண்ணு. தாங்கல" என்றார் ஆன்ட்டி. தாங்கவில்லை என்றால் வேலையையா என்று கேட்க நினைத்தாள். கேட்கும் அளவுக்கு மூச்சு வரவில்லை.

வெள்ளி, 19/9. குளிக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சட்டைப் பொத்தான் போடவே நெடுநேரம் ஆனது.

சனிக்கிழமை மத்தியானம் ஆன்ட்டி செருப்பை மாட்டினார். "மருந்து வாங்கிட்டு நாலு மணிக்குள்ள வந்துடறேன். வந்ததும் கையெழுத்துப் போட்டுத் தரேன், போதுமா?"

"நானும்... இப்பவே..."

"ஆள் மாறாம நோயாளிய விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு நீங்கதானே சிஸ்டர் சொன்னீங்க?"

அவள்தான் சொன்னாள். முதல் நாளே, பெருமையாக.

கதவு சாத்தும் சத்தம். பூட்டு திரும்பும் சத்தம். நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளியே நல்ல வெயில், திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் கோடு மட்டும் உள்ளே விழுந்திருந்தது. கடிகாரத்தை எடுத்தாள். அவளுக்கு இருபது. தனக்கு ஆறு. எழுதவில்லை. எழுதினால் உண்மையாகிவிடும்.

நாலு மணி ஆனது. நாலரை. ஆன்ட்டி வரவில்லை.

நாற்காலி போதவில்லை. முதுகு நிற்கவில்லை. ஐந்தே நிமிடம், சும்மா சாய்ந்துகொள்ளலாம். சுவரோரக் கட்டில். விரிப்பு குளிர்ந்திருந்தது. இறுக்கமாக இருந்தது. தலையணையில் தலை வைத்ததும் தெரிந்துவிட்டது.

எழ முடியாது.

மோட்டார் முனகியது. மின்விசிறி தட்டியது. பக்கத்துக் கட்டிலின் கம்பித் தடுப்பு கிளக் என்று இறங்கியது.

வெறுங்கால். தரையில் ஒட்டி, பிரிந்து. ஒட்டி, பிரிந்து.

பால் பவுடர் வாசனை முகத்தருகே வந்தது. நீளமான, நிறைவான மூச்சு. ஒன்று. இன்னொன்று. சட்டையிலிருந்து கடிகாரத்தை விரல்கள் நிதானமாகக் கழற்றின. எறும்பின் போன் அடித்தது. அந்த விரல்களே எடுத்தன.

"சொல்லும்மா" என்றது குரல். எறும்பின் குரல். "முன்னாடியே சேரச் சொல்லிட்டாங்கம்மா. மூச்சு விட நேரமில்ல. நானே கூப்பிடறேன், சரியா?"

பிறகு நாட்கள் எப்படிப் போயின என்று தெரியவில்லை. மூக்கில் குழாய். நாக்கு மரக்கட்டை. சமையலறையில் யாரோ இரண்டு பேர் சிரித்துப் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். ஆன்ட்டியின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. "போன தடவ அந்தப் பொண்ணப் பாத்துக்க ஆள் வெக்காம விட்டுட்டோம். பத்து நாள்கூடத் தாங்கல. அவ போனதும் நீயும் திரும்பப் படுத்துட்ட. இந்தத் தடவ அந்தத் தப்பு வேண்டாம்."

ஒரு காலையில் வாசல் மணி அடித்தது. புது ஷூ கிறீச்சிட்டது. சோப்பு வாசனையோடு சின்னப் பெண் ஒருத்தி உள்ளே வந்தாள், சட்டையில் கடிகாரம் குத்தி.

"இதான் என் மூத்த மக, சிஸ்டர். ரெண்டு வருஷமா இப்படித்தான்."

"கவலப்படாதீங்க ஆன்ட்டி, நல்லாப் பாத்துக்கறேன். ஆனா ஆறு மாசம்தான். அப்புறம் எனக்கு ஐ.சி.யூ. இன்டர்ன்ஷிப் இருக்கு."

எண்ணு. எறும்பு கண்ணால் கெஞ்சினாள். ஒரே ஒரு நிமிஷம், முழுசா எண்ணிப் பாரு.

அந்தப் பெண் தெர்மாமீட்டர் வைத்தாள். எழுதினாள். பி.பி. எழுதினாள். மூச்சுக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பெண் தலையைத் தூக்கி எறும்பை ஒரு பார்வை பார்த்தாள். கொட்டாவி வந்தது. வாயைப் புறங்கையால் மூடிக்கொண்டு குனிந்தாள்.

பதினெட்டு என்று எழுதினாள்.