சும்மா பார்க்க வந்தவன்

காலை பத்து மணி பதினேழு நிமிடம்.

அவள் அலறினாள்!

கையிலிருந்த காபிக் கோப்பை மேஜை மேல் சாய்ந்தது. ஓடிய காபி லேப்டாப்புக்கு ஒரு விரற்கடைத் தூரத்தில் நின்றது. அவள் அதைக் கவனிக்கவில்லை. திரையைப் பார்த்தபடி நின்றாள்.

வெள்ளைப் பக்கம். உச்சியில் கொட்டை எழுத்தில் ஒரே ஒரு வரி.

சும்மா பார்க்க வந்தேன்.

"என்னாச்சு வெப்சைட்டம்மா?"

நிழல் ஓடி வந்தான். ஆட்களைச் சத்தமில்லாமல் பின்தொடர்வது அவன் வேலை. அதனால் அந்தப் பட்டப்பெயர். வரும் வழியில் ஒரு நாற்காலியைச் சாய்த்தான். குடை ஸ்டாண்டை உதைத்தான். அந்தத் துப்பறியும் நிறுவனத்தின் ஒரே ஊழியன். முதலாளியின் மனைவிக்குத் தம்பி. அவனை ஏன் வேலைக்கு எடுத்தார்கள் என்பதைத் துப்பறியத் தேவையில்லை.

"யாரோ உங்க வெப்சைட்டைப் பிடுங்கிட்டாங்க!"

"இன்னும் திறக்கவேயில்லையே... அதுக்குள்ளயா?"

அவளுக்கும் அதுதான் விளங்கவில்லை. எட்டரைக்கு வந்தாள். வெப்சைட்டை நடத்தும் மென்பொருளைச் சர்வரில் ஏற்றினாள். மூவாயிரத்துச் சொச்சம் கோப்புகள். தகவல்களைச் சேமிக்கும் டேட்டாபேஸையும் இணைத்தாள். பாக்கி ஒரே ஒரு பக்கம். அதில் நாலு கட்டம். தளத்தின் பெயர், நிர்வாகியின் பெயர், பாஸ்வேர்ட், ஈமெயில். நிரப்பி 'நிறுவு' என்பதை அமுக்கினால் வேலை முடிந்தது.

யார் முதலில் அமுக்குகிறாரோ, அவரே எஜமான்!

அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டுக் காபி வாங்கக் கீழே போனாள். பன்னிரண்டே நிமிடம். பீரோவில் சாவியைத் தொங்கவிட்டுக் கடைக்குப் போன கதை.

கம்பெனி வேலையை உதறிவிட்டுத் தனியாக வெப்சைட் செய்து தரும் தொழில் தொடங்கியிருந்தாள். இது முதல் வேலை. இங்கே பெயர் கெட்டால் இரண்டாவது கிடையாது.

உள்ளறைக் கதவு திறந்தது.

கழுகு!

முதலாளிக்கு அவரே வைத்துக்கொண்ட பெயர். வயது அறுபது. வெயில் எட்டிப் பார்க்காத அறையிலும் கறுப்புக் கண்ணாடி.

"யாரும் எதையும் தொடாதீங்க!"

"சார், பயப்படாதீங்க. எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடி போட்டுடறேன். பத்து நிமிஷ வேலை..."

"அழிக்கறதா? தடயத்தையா?" கழுகு நெருங்கினார். "முப்பது வருஷ சர்வீஸ்ல இதுக்கு முன்னாடி ஒரே ஒருத்தன்தான் என்கிட்ட இப்படிச் சொன்னான். யார் தெரியுமா?"

"யாரு சார்?"

"கொலைகாரன்!"



கழுகு திரையருகே குனிந்தார். எழுத்து தெரியவில்லை. நிழல் படித்துக் காட்டினான்.

"சும்மா பார்க்க வந்தேன்னு போட்டிருக்கு மாமா."

"ஆபீஸ்ல சார்!"

"போட்டிருக்கு மாமா சார்."

கழுகு கண்ணை மூடினார். குற்றவாளியின் மனதுக்குள் புகுந்தார்.

"திமிர் பிடிச்சவன். புத்தி மட்டு. ஆனா தன்னைப் பெரிய மேதாவின்னு நினைச்சிட்டிருப்பான். வீட்ல ஒருத்தரும் மதிக்க மாட்டாங்க."

"ஒரே வரியில இவ்வளவா!" நிழல் வாய் பிளந்தான்.

இதற்குள் அவள் சர்வரின் பதிவுகளைத் திறந்திருந்தாள். யார் எப்போது வந்தார்கள் என்று அது எழுதி வைக்கும். ஒரு வரியில் அவள் விரல் நின்றது.

"சார்... பத்து ஒன்பதுக்கு நடந்திருக்கு. போன்லேர்ந்து."

"எந்த ஊர்?"

"இந்த ஆபீஸ் இணைப்புதான் சார்."



மூன்று பேர் மூன்று பேரையும் பார்த்தார்கள்.

"என் போன் ரிப்பேர் கடையில இருக்கு. ஒரு வாரமாச்சு," என்றான் நிழல் அவசரமாக.

"என்னோடது என்கூடவே கீழ வந்துச்சு சார்."

"எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பாங்க." கழுகு வெள்ளைப் பலகையை நோக்கி நடந்தார். "நிழலுக்குப் போனும் இல்ல, மூளையும் இல்ல. நான் துப்பறியறவன், கணக்குல வர மாட்டேன். மிச்சம்?"

எழுதினார்.

குற்றவாளி: வெப்சைட்டம்மா.

"சார்! நான் எதுக்கு சார் நானே போட்டதை நானே..."

"பதினோரு மணிக்கு என் சம்சாரம் வர்றா. அவ கையாலதான் திறப்பு விழா. அதுக்குள்ள ஒத்துக்கோ. இல்லேன்னா போலீஸ்தான் திறந்து வைக்கும்!"

பத்து ஐம்பது.

பத்து ஐம்பத்தைந்து.

வேறு வேலை கிடைக்காதது போகட்டும். போலீஸிடம் எப்படி விளக்குவது? நாலு கட்டம், ஒரு பக்கம் என்றால் ரீல் சுற்றுகிறாள் என்பார்கள்.

பதினோரு மணி.

கதவு திறந்தது. கழுகின் மனைவி. தோளில் கைப்பை, முகத்தில் விழாச் சிரிப்பு. உள்ளே வந்தவள் திரையைப் படித்தாள்.

"என்னங்க, உங்க வசனத்தை எதுக்கு இவ்வளவு பெருசா போட்டிருக்காங்க?"

"என்... வசனமா?"

"எந்தக் கடை வாசல்ல கால் வெச்சாலும் இதானே சொல்வீங்க? வந்த காரணம்னு எந்த நோட்டுல கேட்டாலும் இதையேதானே எழுதுவீங்க? என் தங்கச்சி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனப்பவும் எழுதினீங்களே!"

நிழல் மெல்ல மாமாவின் பக்கம் திரும்பினான்.

"காலையில இந்த வெப்சைட்டைத் தொறந்தீங்களா?" என்றாள் மனைவி.

"தொறந்தேன். நம்மளோடதாச்சே! என்னவோ கட்டம் கட்டமா கேட்டுச்சு. விசிட்டர் நோட்டுன்னு நினைச்சு நிரப்பினேன். அது வேற கேஸ்மா!"

"கண்ணாடியைக் கழட்டிப் படிச்சீங்களா?"

கழுகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார்.

"நிர்வாகி பேருக்கு என்ன சார் போட்டீங்க?" வெப்சைட்டம்மாவுக்குக் குரல் திரும்பியிருந்தது.

"பால்காரன்."

"பால்காரனா?"

"துப்பறியறவன் நிஜப் பேரைக் குடுப்பானா? ஈமெயிலும் பொய்தான்."

அவள் மூச்சு விட்டாள். காலையிலிருந்து அதுதான் முதல் முழு மூச்சு.

"பாஸ்வேர்ட் மட்டும் சொல்லுங்க சார். உள்ள போய்ப் பேரை மாத்திடறேன். அரை நிமிஷம்."

கழுகு நிமிர்ந்தார். மானத்தை மீட்க ஒரு வழி தெரிந்துவிட்டது.

"வேற என்ன போடுவேன்? என் சம்சாரத்தோட பிறந்தநாள்!"

மனைவியின் முகம் மலர்ந்தது.

"அப்ப நானே சொல்றேன். பன்னண்டு, பூஜ்யம் மூணு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு."

வெப்சைட்டம்மா தட்டினாள்.

தவறான கடவுச்சொல்!

"சரியாப் போட்டியாம்மா?" என்றாள் மனைவி.

மறுபடி தட்டினாள்.

தவறான கடவுச்சொல்!

கழுகு தொண்டையைச் செருமினார். "மெஷின் கோளாறு. விடும்மா. நீ அப்பவே சொன்ன மாதிரி எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டுடு. பத்து நிமிஷந்தானே?"

"தடயத்தை அழிக்கறதா மாமா சார்?" என்றான் நிழல்.

அவன் சர்வீஸில் கேட்ட முதல் நல்ல கேள்வி.

"உக்காருங்க," என்றாள் மனைவி. "நீங்களே போடுங்க."

கழுகு உட்கார்ந்தார். விசைப்பலகை மேல் கைக்குட்டையை விரித்தார். அதன் கீழ் விரல்களை நுழைத்துத் தட்டினார். கட்டத்தில் எட்டுப் புள்ளிகள் விழுந்தன.

"இருங்க..." மனைவி திரைக்குக் கிட்டே வந்தாள். "கட்டத்தோட ஓரத்துல கண்ணு மாதிரி ஒண்ணு இருக்கே. என்ன அது?"

வெப்சைட்டம்மா வெள்ளைப் பலகையைப் பார்த்தாள். தன் பெயர் இன்னும் அங்கேயே இருந்தது.

"அதை அமுக்கினா பாஸ்வேர்ட் வெளிய தெரியும் மேடம்."

"கழுகை விட நல்ல கண்ணு," என்றாள் மனைவி.

அமுக்கினாள்.

14081991.

அடுத்து என்டரையும் அவளே தட்டினாள். தளம் திறந்தது.

வருக, பால்காரன்!

யாரும் கைதட்டவில்லை.

மனைவி கைக்குட்டையை எடுத்தாள். பலகைக்குப் போனாள். வெப்சைட்டம்மாவின் பெயரை அழுத்தித் துடைத்தாள். அந்த இடத்தில் எட்டு இலக்கங்களையும் நிதானமாக எழுதினாள்.

"தொண்ணூத்தொண்ணு..." என்றாள். "நமக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷம் முடிஞ்சிருந்துச்சு."

கழுகு கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மனைவி வாடிக்கையாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்தாள்.

"தம்பி, நான் சும்மா பார்க்க வரலை. இந்தத் தேதியில பொறந்தவ யாருன்னு கண்டுபிடிக்க உங்க ஏஜென்சிக்கு எத்தனை நாளாகும்?"