பறிபோகாத மடிப்பு

விடியற்காலைத் துதிக்கு முதல் வரிசை கைதிகளான எங்களுக்குத்தான். காவலர் எங்கள் கழுத்தில் ஒலிப்பட்டையை மாட்டிவிடுவார். துதி நடக்கும் அருளகத்தின் கதவு பூட்டப்படும். நகரமெங்கும் ஸ்பீக்கர்களில் என் குரல் பாடத் தொடங்கும். நான் வாயை மட்டும் அசைப்பேன்.

தெய்வநிந்தனை செய்தவரின் குரலை எடுத்துத் துதிக்குக் கொடுப்பது சட்டம். குரல்நாண்களை முடக்கிவிடுவார்கள், மிஞ்சுவது கிசுகிசுப்புதான். எடுத்த குரல் உடலை விட்டு விலகியிருந்தால் வறண்டுபோகும் என்பதால், ஒலிப்பட்டை தினமும் எங்கள் தொண்டையைப் படித்து அதற்கு உயிரூட்டும்.

இன்று அருளகத்தின் நெறியாளர் அறவாழி என்முன் நின்றார். "எவ்வளவு இனிமை பாரும்மா! அன்னைக்கே இப்படிப் பாடியிருந்தா உனக்கு ஏன் இந்தக் கதி?"

அன்று எங்கள் இசைக்குழு பாடியது பிளாக் மெட்டல், அலறிப் பாடும் ராக் இசை. அதற்கு முந்தைய திருவிழா நெரிசலில் இதே கதவைப் பூட்டச் சொன்னவர் அவர். உள்ளே மூச்சுத்திணறி இறந்தவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. அம்மா சொல்லும் துதியையே எடுத்து, ஒவ்வொரு வரிக்குப் பின்னும் "கதவைத் திற" என்று அலறினேன். தீர்ப்பும் அவரே எழுதினார்.

அந்த அலறல் குரல்நாண்களில் பிறப்பதல்ல. அவற்றுக்கு மேலிருக்கும் சதைமடிப்பில் பிறப்பது. அதை அவர்கள் தொடவில்லை.

எங்கள் டிரம்மர் ஸ்டெல்லா, அவளும் தண்டனை பெற்றவள், பக்கத்திலிருந்து கிசுகிசுத்தாள். "யோசிச்சுக்கோடி. பட்டை உன் அலறலைப் படிச்சா, எடுத்து வச்ச குரல் மொத்தமா கெட்டுடும். அப்புறம் உன் குரல் எங்கேயுமே இருக்காது."

"இருந்து? இவனைக் குளிரவைக்கவா?"

அவளிடம் சொல்லாத ஒன்று உண்டு. அந்தக் குரலைக் கேட்கத்தான் நான் ஒவ்வொரு விடியலுக்கும் காத்திருந்தேன்.

'வாசல் திறந்தருள்வாய்' என்ற வரி வந்தது. வாய் திறந்தேன்.

நகரத்தின் எல்லா ஸ்பீக்கர்களிலும் என் இனிமையான குரல் கிழிந்தது. கூட்டம் காதுகளைப் பொத்திக்கொண்டு குந்தியது. அறவாழி வாசலுக்கு ஓடினார். துதி முடியும்வரை கதவு திறக்காது. அவர் போட்ட விதி. இரண்டு கைகளாலும் அதில் அறைந்தார்.

"கதவைத் திற! டேய், கதவைத் திறங்கடா!"

மூச்சை இழுத்துக்கொண்டு மீண்டும் அலறினேன்.

மறுநாள் விடியலில் எந்தத் துதியும் கேட்கவில்லை. அடுத்த சிறையறையிலிருந்து ஸ்டெல்லா கிசுகிசுத்தாள். "வருத்தமா இருக்காடி?"

"அவன் கதவைத் தட்டினதை நெனச்சுப் பாத்துட்டிருக்கேன். நல்லா இருக்கு."

சொல்லி முடித்த பிறகும் என் உதடுகள் பழக்கத்தில் அசைந்துகொண்டிருந்தன, இல்லாத ஒருத்தியின் பாட்டுக்கு.