எல்லாவற்றுக்கும் ஏழு

செல்போன் அலறியது.

அஷ்வத்தின் வலது கையில் பூரி. இடது கையில் ஜிலேபி. யார் என்று பார்க்காமலே சுண்டு விரலால் திரையைத் தட்டினான்.

இந்த நேரத்தில் அம்மாவைத் தவிர யார் கூப்பிடப் போகிறார்கள்? கோல் மார்க்கெட் மிட்டாய்க் கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே, ஓடிக் களைத்தவன் மாதிரி மூச்சு வாங்கினான். பழகிப்போன நடிப்பு.

"ஹா... ஹா... சொல்லும்மா. ஜிம்லதான் இருக்கேன்."

"அப்படியா?" என்றது ஒரு பெண் குரல். "நானும் உங்க யுனிவர்சிட்டி ஜிம்லதான் நிக்கறேன். உன்னைக் காணோமே தம்பி?"

பூரி தொண்டையில் நின்றது.

"யா... யாரு?"

"இன்ஸ்பெக்டர் ருக்மிணி. டிரெய்னர் முத்துவை யாரோ மண்டையில அடிச்சுப் போட்டிருக்காங்க. ஜல்தி வந்து சேரு. உங்க அப்பாவுக்கும் சொல்லியாச்சு."

அப்பாவுக்குமா!

அஷ்வத் ஜிலேபியைப் பொட்டலத்தில் சுற்றி ஜிம் பையில் திணித்தான். இந்தத் தடவை நிஜமாகவே ஓடினான்.

ஜிம் வாசலில் கூட்டம். உள்ளே தரையில் ரத்தம் உறைந்திருந்தது. முத்துவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நினைவு திரும்பவில்லை.

ருக்மிணி தலைநகரின் மந்திர் மார்க்கில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழில் விசாரித்து இந்தியில் அதட்டுவாள். அவள் பக்கத்தில் அப்பா ராமச்சந்திரன், ஆபீஸ் போகிற சட்டையில், கையில் டிபன் பையோடு. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் ஒரு வீடு பாக்கியில்லாமல் பையனைப் பற்றிப் பெருமை அடித்தவர்.

அவருக்குப் பின்னால்... மானசா!

அஷ்வத்தின் தலை தானாகக் குனிந்தது.

மானசா மனோதத்துவத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். உடற்பயிற்சியைத் தன் அடையாளமாக ஒரு மாணவன் எவ்வளவு தூரம் நினைக்கிறான் என்பதை அளப்பதுதான் அவள் வேலை. எதிரே உட்கார வைத்து ஒவ்வொரு வாக்கியமாகப் படிப்பாள். 'உடற்பயிற்சியை விட்டால் நான் நானில்லை.' 'என்னை அறிமுகப்படுத்தும்போது என் உடற்பயிற்சியையும் சேர்த்தே சொல்வேன்.' சுத்தமாகப் பொருந்தாவிட்டால் ஒன்று. அப்படியே பொருந்தினால் ஏழு. வாயால் சொன்னால் போதும்.

கண்ணாடிக்குள்ளிருந்து அவள் பார்த்த பார்வையில், ஒன்று என்று சொல்ல அஷ்வத்துக்கு நாக்கு எழவில்லை.

ஏழு. ஏழு. எல்லாவற்றுக்கும் ஏழு!

"இங்க பாரு தம்பி," ருக்மிணி எடை தூக்கும் தம்பிள்ஸ் அலமாரியைக் காட்டினாள். "இருபது கிலோ தம்பிள்ஸால அடிச்சிருக்கான். அடிச்சவன் என்ன பண்ணுவான்? கீழே போட்டுட்டு ஓடுவான். இவன் துடைச்சு, அதே இடத்துல, நம்பர் வெளியே தெரியற மாதிரி திருப்பி வெச்சிருக்கான். பிடியில மட்டும் ரத்தம் ஒட்டியிருந்தது. லேபுக்கு அனுப்பியாச்சு. இதோ இருக்கறது அதோட ஜோடி."

"முத்து சார் அதுல ரொம்ப ஸ்ட்ரிக்ட் மேம்."

"அதான். இது வெளி ஆள் வேலை இல்லை. கைக்கே அந்தப் பழக்கம் ஊறிப் போன ஆள். ஜிம் பசங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்களாச்சேன்னு மானசா மேடமைக் கேட்டேன். உன் பேரைத்தான் சொன்னாங்க."

"இன்ஸ்பெக்டர், நான் யாரையும் குற்றம் சொல்லல," என்றாள் மானசா மெதுவாக. "ஆனா நான் அளந்தவங்கள்ல எல்லாத்துக்கும் ஏழு சொன்னது அஷ்வத் ஒருத்தர்தான். அவருக்கு ஜிம்தான் உயிர். எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை. அளக்கறவ ஒரு பக்கம் சாயக்கூடாதுன்னு ஜிம் பக்கமே வந்ததில்லை."

"நான் ஃபோன் பண்றதுக்கு முன்னாடி, காலைல எங்கேப்பா இருந்தே?" ருக்மிணி கேட்டாள்.

சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம்.

ஆனால் மானசா பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஜி... ஜிம்லதான்."

"என் பையன் பொய் சொல்ல மாட்டான் மேடம்," ராமச்சந்திரன் முன்னால் வந்தார். "பனியோ குளிரோ, ஒரு நாள் தவற மாட்டான். விடியறதுக்குள்ள பையைத் தூக்கிண்டு கிளம்பிடுவான். எங்க வம்சமே அப்படி. நானே ஆபீஸ் விட்டா ரெண்டு ஸ்டாப் நடந்துட்டுத்தான் பஸ் ஏறுவேன்."

அப்பா வாயைத் திறக்கத் திறக்க அஷ்வத்தின் கழுத்தில் கயிறு இறுகியது. பாவம், மனுஷர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தார்!

"முத்து கையில ஒரு மருந்து பாட்டில் இருந்தது," என்றாள் ருக்மிணி. "உடம்பை ஊத வைக்கிற ஊசி மருந்து. தடை செஞ்சது. யாரோ பசங்களுக்கு வித்திருக்காங்க. முத்து கண்டுபிடிச்சுட்டார். நீயாடா?"

"இல்லை மேம்."

"பையைத் திற."

ஒரு கான்ஸ்டபிள் ஜிம் பையைக் கவிழ்த்தான். மடிப்புக் கலையாத டவல். தண்ணீரே பார்க்காத பாட்டில். எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலம்.

ஜிலேபி.

"ஜீப்ல ஏறு. ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

கான்ஸ்டபிள் தோளைப் பிடித்தான். ஜெயிலா, மானமா? அஷ்வத்துக்கு அழுகை முட்டியது.

"மேம்... நான் ஜிம்முக்கு வந்ததே இல்லை."

கான்ஸ்டபிள் தோளிலிருந்து கையை எடுத்தான்.

"சேர்ந்த அன்னிக்கு ஒரு தடவை வந்தேன். எல்லாரும் என் கையைப் பார்த்துச் சிரிச்சாங்க. அப்புறம் வரலை. வீட்ல சொல்ல வெட்கமா இருந்தது. தினம் கோல் மார்க்கெட்ல உட்கார்ந்து பூரி சாப்பிட்டுட்டு, தலையில தண்ணி தெளிச்சுண்டு வீட்டுக்குப் போவேன். வியர்வை மாதிரி இருக்கணும்னு."

ராமச்சந்திரன் பையனைப் பார்க்கவில்லை. டிபன் பையைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அஷ்வத் கூனிக் குறுகிப்போனான்.

"அச்சா," என்றாள் ருக்மிணி. "பிடிபட்டா எல்லாரும் நோஞ்சான்தான். எங்கே, அந்தத் தம்பிள்ஸைத் தூக்கிக் காட்டு."

இருபது கிலோ. அஷ்வத் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். முகம் சிவந்தது. கால் நடுங்கியது. தம்பிள்ஸ் அலமாரியை விட்டு வந்த வேகத்தில் கை நழுவி...

தொம்!

அப்பாவின் செருப்பை உரசிக்கொண்டு உருண்டு போய், மானசாவின் காலடியில் நின்றது.

கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். அஷ்வத் கண்ணை மூடிக்கொண்டான். பூமி பிளந்தால் உள்ளே போய்விடத் தயாராக இருந்தான்.

மானசா உச்சுக் கொட்டினாள். முழங்காலை மடித்தாள். முதுகை நேராக வைத்தாள். ஒரே கையால் தம்பிள்ஸைத் தூக்கினாள். அலமாரியில் அதே இடத்தில் வைத்து, நம்பர் வெளியே தெரிகிற மாதிரி திருப்பினாள்.

சிரிப்பு நின்றது.

மானசா தன் கையைப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"ஜிம் பக்கமே வந்ததில்லைன்னு சொன்னீங்களே மேடம்?" ருக்மிணி நிதானமாகக் கேட்டாள். "அந்தக் கைப்பையைக் கொஞ்சம் குடுங்க."

பையின் அடியில், கைக்குட்டைக்குள், மூன்று ஊசி மருந்து பாட்டில்கள். முத்து கையில் இருந்த அதே ரகம்.

"ஆளில்லாத நேரத்துல வந்து பயிற்சி பண்ணிட்டுப் போவேன்," என்றாள் மானசா. குரலில் உயிர் இல்லை. "ஏழு, ஆறுன்னு சொல்றவங்களைத் தேடிப் போய் விப்பேன். ஜிம்தான் நான்னு சொல்றவங்க இன்னும் பெருசாகணும்னா எதையும் போட்டுப்பாங்க. இன்னிக்குக் காலைல முத்து பாட்டிலைப் பிடுங்கிண்டு போலீஸ்னு கத்தினார். அடிச்சேன். ஓடத்தான் நினைச்சேன்... கை தானா எடுத்து வெச்சுடுத்து."

"இவன் தலையில கட்டினா தப்பிச்சுடலாம்னு பார்த்தீங்க."

"என் ஆராய்ச்சியை நம்பினேன் இன்ஸ்பெக்டர்." அவள் அஷ்வத்தைப் பார்த்தாள். "எல்லாத்துக்கும் ஏழு சொன்னியே... ஏண்டா பொய் சொன்னே?"

கொலை செய்யப் பார்த்தவள் கேட்கிறாள். அப்போதும் வெட்கப்பட்டது அஷ்வத்தான்!

ஜீப் அவளோடு கிளம்பியது. ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. முத்து கண் விழித்துவிட்டார்.

ருக்மிணி அஷ்வத் பக்கம் திரும்பினாள். "கடைசியா ஒண்ணு. நீ காலைல அங்கே இருந்ததைச் சரிபார்க்கணும். கடைக்காரர் நம்பர் குடு."

அஷ்வத் மனப்பாடமாகச் சொன்னான். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். இந்தியில் கேட்டாள். எதிர்முனை குஷியாக இந்தியில் கொட்டியது. தலை குனிந்து நின்ற அஷ்வத்தின் காதில் எதுவும் ஏறவில்லை. அவள் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"நீ காலைல அங்கேதான் இருந்திருக்கே. நீ போலாம்."

அஷ்வத் அப்பாவின் அருகில் போனான். நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை. "மன்னிச்சுடுங்கப்பா. உங்க மானத்தை வாங்கிட்டேன்."

ராமச்சந்திரன் அவசரமாக வாசலைப் பார்த்து நடந்தார். காது மடல் சிவந்திருந்தது.

"நில்லுங்க சார்," என்றாள் ருக்மிணி. "கடைக்காரர் இன்னொண்ணும் சொன்னாரே, கேட்டீங்கதானே? பையனுக்குக் காலைல பூரி, அப்பாவுக்குச் சாயங்காலம் சமோசா... ரெண்டு ஸ்டாப் நடக்கறதா சொன்னது அந்தக் கடை வரைக்கும்தானா?"