மூன்று விரல் ஓடு

செவ்வாயின் சமவெளிக் குடியிருப்பில் பொழுது விடிவதற்குள் புதைப்பான் எந்திரங்கள் வேலையை முடித்துவிடும். முப்பரிமாண அச்சு இயந்திரம் வார்த்துக் கொடுத்த கறுப்பு சிவப்புப் பானைகள், சங்கு வளையல்கள், சுடுமண் பொம்மைகள் எல்லாவற்றையும் குவிமாடத்துக்குள் இருந்த ஓய்வாளர் வயலில் புதைத்து, மேலே மண்ணைத் தட்டிச் சமன்செய்துவிட்டுப் போகும். காலையில் ஓய்வுபெற்ற தொல்லியல் பேராசிரியர்கள் கொத்துக்கரண்டியும் தூரிகையுமாக வந்து அவற்றைத் தோண்டி எடுப்பார்கள்.

இது நாடகம் என்று அவர்களுக்கும் தெரியும். மண்ணைத் தொடாமலே அடியில் இருப்பதைப் படித்துவிடும் ஊடுகண்கள் வந்தபிறகு பூமியில் மனிதக் கைக்கு என்ன வேலை? யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். பேராசிரியர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தவில்லை. உடம்பு எடை குறைவாக இருக்கும் ஊர், முட்டிவலிக்கு நல்லது என்று சொல்லி இங்கே அனுப்பிவைத்தார்கள். சும்மா உட்கார்ந்தால் ஆள் சீக்கிரம் போய்விடுகிறார் என்று கண்ட நலவாழ்வுத் துறை, வயலைப் போட்டுக் கொடுத்தது. எதை எடுத்தாலும் வெள்ளிக்கிழமை பாராட்டு விழா, பொன்னாடை, கேடயம். எடுத்த பொருள் மறுபடி மண்ணுக்குள் போய்விடும்.

அன்று பேராசிரியர் அங்கயற்கண்ணிக்குப் பானைகளுக்கு நடுவே உள்ளங்கையளவு ஓடு ஒன்று கிடைத்தது. பழைய பழக்கத்தில் நுனிநாக்கில் வைத்துப் பார்த்தார். ஒட்டிக்கொண்டது. அச்சுப் பொருள் நாக்கில் ஒட்டாது. இது பிசைந்து சுட்ட மண். அதுவும் இந்தச் செவ்வாய் மண். திருப்பிப் பார்த்தார். ஈரமாக இருந்தபோது பதிந்த மூன்று விரல் தடங்கள். ஒவ்வொன்றும் அவருடைய கட்டைவிரலைப் போல இருமடங்கு அகலம்.

நலவாழ்வு அலுவலர் மிதுலனிடம் மூச்சிரைக்கப் போய் நின்றார்.

"தம்பி, இது நீங்க பொதைச்சது இல்ல."

"அருமைம்மா! வெள்ளிக்கிழமை ஜமாய்ச்சிடலாம்."

"விழா வேணாம்ப்பா. காலங்காட்டி மெஷின்ல ஒருதடவ வச்சு இதோட வயசப் பாத்துச் சொல்லு. அது போதும்."

"அது வேலையில இருக்கிறவங்களுக்கு மட்டும்தானேம்மா. நீங்க எதுக்கு அலட்டிக்கிறீங்க? உங்களுக்குன்னு ஊதாக்கலர் பொன்னாடை எடுத்து வச்சிருக்கேன்."

வெள்ளிக்கிழமை விழா நடந்தது. தொல்லியலின் தாய் என்று யாரோ புகழ்ந்தார்கள். ஒலிபெருக்கி கைக்கு வந்ததும் அங்கயற்கண்ணி ஓட்டை உயர்த்திப் பிடித்து, "நமக்கு முன்னாடி இங்க யாரோ இருந்திருக்காங்க" என்று தொடங்கினார். அவ்வளவுதான், கைதட்டல் பிய்த்துக்கொண்டு போயிற்று. அது ஓய்வதற்குள் பொன்னாடை தோளில் விழுந்தது. அதைச் சரிசெய்வதற்குள் ஒரு புதைப்பான் பணிவாக வந்து ஓட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

ஆற்றாமையில் அழுதுவிட்டார். "அத எங்கப்பா கொண்டு போகுது?"

"வயலுக்குத்தாம்மா. அடுத்தவங்களும் கண்டுபிடிக்க வேணாமா?" மிதுலன் நாற்காலி கொண்டுவந்து போட்டான். "இந்த ஓட்ட எடுக்கிறவங்க எல்லாருமே நெஜம்னுதான் சொல்றாங்க. போன வருஷம் தேவசகாயம் சாரும் இதே மேடையில இதேதான் சொன்னார், பாவம்."

அங்கயற்கண்ணிக்குப் போன வருஷத்து விழா நினைவுக்கு வந்தது. அந்த விழாவில் அவர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். தேவசகாயம் எதையோ தூக்கிக் காட்டித் திக்கித் திணறியபோது, பக்கத்து நாற்காலியிடம் "மனுஷனுக்கு வயசாயிடுச்சு" என்று முணுமுணுத்துவிட்டு முதலில் கைதட்டியவரும் அவர்தான்.

விழாவுக்கு முந்தின நாள் தேவசகாயம் வீடு தேடியும் வந்திருந்தார். "மேடம், நீங்க ஒருத்தர் பாத்தாப் போதும்" என்று கையை விரித்து உள்ளங்கையில் இருந்ததை நீட்டினார். அடுத்த தூசிப்புயல் காலத்தைக் காண அவர் இருக்கவில்லை.

"ரொம்ப அழகா இருக்கு சார்" என்று அன்றைக்கு அங்கயற்கண்ணி மனதாரப் பாராட்டித்தான் அனுப்பினார். மூக்குக்கண்ணாடி உள்ளே மேசைமேல் இருந்தது. எழுந்துபோய் எடுக்க அவருக்குச் சோம்பலாக இருந்தது.